லேப்டாப் ஆன்டெனா, ரூட்டர் போர்ட்: ஸ்பீடு டெஸ்டில் பிடிபடாத இரண்டு குறைகள் குறித்த புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்கள்

பொருள்: ஒரே பில்லில் வாங்கிய லேப்டாப், ரூட்டர் ஆகிய இரண்டிலும் உள்ள வன்பொருள் குறை – இருமுறை சர்வீஸுக்குக் கொடுத்தும் சரியாகாதது – லேப்டாப்பைப் பழுது நீக்கித் தரவும் ரூட்டரை மாற்றித் தரவும் கோருதல்.

பார்வை: பில், இரண்டு ஜாப் ஷீட்டுகள், அளவுகளைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டுகள், ரூட்டர் லேபிளின் புகைப்படம் (அனைத்தும் இணைக்கப்பட்டுள்ளன).

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தங்கள் சர்வீஸ் சென்டர் கொடுத்த இரண்டு ஜாப் ஷீட்டுகளிலும் "நெட் ஸ்லோ" என்ற ஒரே வரிதான் எழுதப்பட்டிருக்கிறது. கொடுத்த புகார் அது அல்ல. ரூட்டரிலிருந்து இன்டர்நெட் வயரைக் கழற்றிவிட்டுச் சோதித்தாலும் இந்த இரண்டு குறைகளும் அப்படியே தெரியும். ஆகவே ஸ்பீடு டெஸ்ட் தளத்தைத் திறந்து முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதால் ஒன்றும் விளங்காது. பார்க்க வேண்டியது லிங்க் ஸ்பீடு, அதாவது லேப்டாப்பும் ரூட்டரும் தமக்குள் ஒத்துக்கொண்ட வேகம்.

முதலில் லேப்டாப். அதில் இருப்பது இரண்டு ஆன்டெனாக்களுக்கான வைஃபை கார்டு. தங்கள் ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் வைஃபை 5 தரத்தில், 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இயங்குகிறது. இந்தச் சேர்க்கையில், ஒரே அறையில், நடுவே சுவர் இல்லாமல் வைத்தால் லிங்க் ஸ்பீடு நொடிக்கு 866.7 மெகாபிட் வர வேண்டும். இந்த லேப்டாப்பின் மூடியை நன்றாகச் சாய்த்துத் திறந்தால், ரூட்டருக்கு ஒரு மீட்டர் தூரத்தில் வைத்தாலும் 433.3ஐத் தாண்டுவதில்லை. அதே மேசையில் அதே இடத்தில் வைத்த வேறொரு லேப்டாப் 866.7 காட்டுகிறது. எனவே ரூட்டரின் வைஃபை மேல் குறை சொல்ல இங்கே இடமில்லை.

433.3 என்ற எண்ணைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தூரத்தாலோ, சுவராலோ, பக்கத்து வைஃபைகளின் இடையூறாலோ வேகம் குறைந்தால் அது படிப்படியாக இறங்கும்: 866.7, 780, 650, 585, 520, 390 என்று. இரண்டு ஆன்டெனாவும் சேர்ந்து வேலை செய்யும்போது வரும் படிகள் இவை. இந்த வரிசையில் 433.3 என்ற படியே கிடையாது. ஒரே ஆன்டெனா வழியாகப் போகும்போது எட்டக்கூடிய உச்ச வேகம்தான் 433.3. சிக்னல் நன்றாக இருக்கிறது, இரண்டு பாதைகளில் ஒன்று மட்டும் அடைபட்டிருக்கிறது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

டிரைவர், அதாவது வைஃபை கார்டை இயக்கும் மென்பொருள், காரணமாக இருக்கலாமே என்ற ஐயம் நியாயமானது. அதைத் தீர்த்துக்கொள்ள, லேப்டாப்பின் டிஸ்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கிப் பார்த்தாயிற்று. அங்கேயும் 433.3தான். லினக்ஸில் ஒவ்வொரு ஆன்டெனாவின் சிக்னலையும் தனித்தனியே பார்க்க முடிகிறது. ஒன்றில் –43, மற்றதில் –74 (பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் வலுவானது). வித்தியாசம் 31 டெசிபல். திறனில் சொன்னால் ஆயிரம் மடங்குக்கும் மேல். ஒரே திரைச் சட்டத்துக்குள் இருக்கும் இரண்டு ஆன்டெனாக்களுக்கு இடையே சில டெசிபல் ஏற்றத்தாழ்வு இருப்பது வழக்கம். இவ்வளவு இருக்காது.

எல்லாவற்றையும்விடத் தெளிவான சான்று மூடியில் இருக்கிறது. மூடியை 90 டிகிரி அளவுக்குத் திறந்து வைத்தால் இரண்டு ஆன்டெனாவும் சமமாகி வேகம் 866.7க்கு ஏறுகிறது. 110 டிகிரியைத் தாண்டிச் சாய்த்ததும் 433.3க்கு இறங்கிவிடுகிறது. பத்து முறை செய்தும் பத்து முறையும் இதே முடிவு. இந்த மாடலில் ஆன்டெனாக்கள் திரையின் மேல் விளிம்பில் இருக்கின்றன. அவற்றின் மெல்லிய கேபிள்கள் கீல் வழியாக இறங்கி வைஃபை கார்டில் மாட்டப்பட்டிருக்கின்றன. கீலுக்குள் ஒரு கேபிள் நசுங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் கார்டில் அழுத்தி மாட்டும் குட்டிக் கனெக்டர் சரியாக உட்காராமல், மூடி அசையும்போதெல்லாம் இழுபட வேண்டும். மூடியைச் சாய்த்தால் வந்து, நிமிர்த்தினால் போகிற குறை விண்டோஸில் இருக்க முடியாது.

தங்கள் இன்ஜினியர் செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. பவரை முழுவதும் அணைத்து, அடிமூடியைக் கழற்றி, முதலில் பேட்டரி கனெக்டரை எடுத்துவிட்டு, கார்டில் உள்ள இரண்டு கேபிள்களையும் பார்க்க வேண்டும். கனெக்டர் நேராக இறங்கினால் "டிக்" என்று மெல்லிய ஓசையோடு உட்காரும். சாய்வாக அழுத்தினால் கனெக்டரே கெட்டுவிடும். சில பத்து முறை கழற்றி மாட்டினாலே அதன் பிடிமானம் தளர்ந்துவிடும் என்பதால் சோதனைக்காகத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டாம். ஒரே ஒரு முறை இரண்டு கேபிள்களையும் இடம் மாற்றி மாட்டிப் பார்த்தால் போதும். பலவீனமான சிக்னல் மறு பக்கத்துக்கு மாறினால் கோளாறு கேபிளிலோ ஆன்டெனாவிலோ இருக்கிறது. மாறாமல் அதே பக்கம் நின்றால் கார்டில் இருக்கிறது. சரிசெய்த பிறகு மூடியை முழுக்கத் திறந்த நிலையிலும் லிங்க் ஸ்பீடைப் பார்க்க வேண்டும். சர்வீஸ் மேசையில் லேப்டாப்பைப் பாதி திறந்து வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தெரியும்.

இதில் எதுவுமே நடக்கவில்லை. முதல் முறை விண்டோஸை ஃபார்மட் செய்து திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டாம் முறை, மூடி சாயும்போது மட்டும் வரும் குறை என்று எழுதியே கொடுத்தும், மறுபடி ஃபார்மட் செய்து "குறை எதுவும் காணப்படவில்லை" என்று குறித்தார்கள். டிஸ்கில் இருப்பது ஒருவரின் உழைப்பு. அதை அழிக்கும் முன் கேட்பது மரியாதை மட்டுமல்ல, கடமை. ஆன்டெனாவைச் சோதிக்க டிஸ்கில் உள்ளதைத் தொடத் தேவையே இல்லை, லாகின் பாஸ்வேர்டும் தேவையில்லை. ஆனால் இரண்டு முறையும் பாஸ்வேர்டை ஜாப் ஷீட்டிலேயே, யார் கண்ணிலும் படும்படி எழுதச் சொன்னார்கள். இந்த வழக்கத்தை உடனே நிறுத்துங்கள். இரண்டாம் முறை திரும்பி வந்தபோது அடிமூடியின் ஸ்க்ரூக்களில் ஒன்று இல்லை. அதையும் போட்டுத் தர வேண்டும்.

அடுத்தது ரூட்டர். தங்கள் இணையதளத்திலும் டப்பாவின் பின்புறத்திலும் "கிகாபிட் போர்ட்டுகள்", அதாவது நொடிக்கு 1000 மெகாபிட் போர்ட்டுகள், என்று இருக்கிறது. ஆனால் எந்த போர்ட்டில் மாட்டினாலும் இணைப்பு 100 மெகாபிட்டில்தான் நிற்கிறது. "கேபிளை மாற்றிப் பாருங்கள்" என்று தங்கள் உதவி மையம் சொன்னது. பொதுவாக இது சரியான ஆலோசனைதான். கிகாபிட்டுக்குக் கேபிளில் உள்ள 8 கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலும் இணைப்பு பெரும்பாலும் 100க்கு இறங்கிவிடும், நெட் என்னவோ ஓடிக்கொண்டிருக்கும். அதனால் கேபிளைத்தான் முதலில் சோதித்தேன். கேட் 5இ வகை, 2 மீட்டர், இரு முனையும் தொழிற்சாலையில் கிரிம்ப் செய்தது. கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்குகளும் வரிசையாக எரிகின்றன. அதே கேபிள், அதே லேப்டாப், வேறொரு கிகாபிட் நெட்வொர்க் ஸ்விட்சில் மாட்டியதும் 1000 காட்டுகிறது. இரண்டு கணினிகளுக்கு இடையே வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 மென்பொருளை வைத்து அளந்தபோது அந்த ஸ்விட்ச் வழியாக 941 மெகாபிட்டும், தங்கள் ரூட்டர் வழியாக 94 மெகாபிட்டும் வந்தன.

பிறகு போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்ததில் விஷயம் முடிந்துவிட்டது. எட்டுத் தங்க நிறக் கம்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருக்கின்றன. ஐந்து போர்ட்டிலும் அப்படியே. ஆக, இது பழுதான கிகாபிட் ரூட்டர் அல்ல. 100 மெகாபிட் ரூட்டராகவே தயாரிக்கப்பட்டது. எந்த அமைப்பை மாற்றினாலும், எத்தனை முறை ரீசெட் செய்தாலும் இல்லாத கம்பி முளைக்காது.

இந்த வித்தியாசத்தின் அளவு தெரிய வேண்டும். 50 கிகாபைட் பேக்கப்பை வீட்டிலுள்ள ஸ்டோரேஜுக்கு அனுப்ப, கிகாபிட் போர்ட்டில் ஏழெட்டு நிமிடம் ஆகும். இந்த ரூட்டரில் நொடிக்கு 11 அல்லது 12 மெகாபைட்தான் போவதால் ஒன்றே கால் மணி நேரத்தை நெருங்குகிறது. இன்டர்நெட் வரும் போர்ட்டும் 100 என்பதால் அதற்கு மேற்பட்ட பிளானுக்குக் கட்டும் பணமெல்லாம் வீண். டப்பாவின் முன்புறம் பெரிதாக இருக்கும் 1200 என்ற எண், 2.4 கிகாஹெர்ட்ஸின் 300ஐயும் 5 கிகாஹெர்ட்ஸின் 867ஐயும் கூட்டி முழுமையாக்கியது. எந்த ஒரு கருவிக்கும் அந்த வேகம் கிடைக்காது. துறையில் எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்பதால் அதைப் புகாராக வைக்கவில்லை. ஆனால் "கிகாபிட் போர்ட்" என்பது கூட்டிப் பெருக்கிக் காட்டும் எண் அல்ல. இருக்கிறது அல்லது இல்லை, அவ்வளவுதான்.

எப்படி இது நடந்தது என்பதற்கு ரூட்டரின் அடியில் உள்ள லேபிளே விடை. அதில் வன்பொருள் பதிப்பு 3 என்று இருக்கிறது. இணையதளத்தில் உள்ள விவரத்தாள் பதிப்பு 1க்கு உரியது. மாடல் பெயரை மாற்றாமல் உள்ளே இருக்கும் சிப்பையும் போர்ட்டையும் மாற்றிவிட்டு, பழைய விவரத்தாளையும் பழைய டப்பா அச்சையும் அப்படியே விட்டிருக்கிறீர்கள். பதிப்பு எண் லேபிளில் மட்டும்தான் இருக்கிறது. டப்பாவைத் திறக்காமல் எந்த வாடிக்கையாளராலும் அதைப் பார்க்க முடியாது.

இந்தக் குழப்பம் தங்கள் உதவி மையத்தையும் விட்டுவைக்கவில்லை என்பதுதான் கவலை தருகிறது. ஃபர்ம்வேரை, அதாவது ரூட்டருக்குள் இயங்கும் மென்பொருளை, புதுப்பித்தால் போர்ட் வேகம் கூடும் என்று சொல்லி, பதிப்பு 1க்கான ஃபர்ம்வேர் கோப்பை எனக்கு அனுப்பினார்கள். வேறு சிப், வேறு நினைவக அமைப்பு உள்ள பலகையில் அதை ஏற்றினால், ரூட்டர் தடுக்காத பட்சத்தில், அது மறுபடி எழாமலே போகலாம். லேபிளைப் பார்த்ததால் ஏற்றவில்லை. நம்பி ஏற்றுபவரின் ரூட்டர் செத்துப்போனால், வாடிக்கையாளரின் தவறு என்று வாரண்டி மறுக்கப்படும் அபாயமும் இருக்கிறது. கேட்பவர்களுக்குக் கோப்பு அனுப்பும் முன் பதிப்பு எண்ணைக் கேட்க வேண்டும் என்று உதவி மையத்துக்கு இன்றே சொல்லுங்கள். என் புகார் தீரும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டாம்.

என் கோரிக்கைகள்: லேப்டாப்பின் ஆன்டெனா கேபிள், கனெக்டர், கார்டு ஆகியவற்றில் பழுதானதை வாரண்டியில் மாற்றி, மூடியை முழுக்கத் திறந்த நிலையில் எடுத்த லிங்க் ஸ்பீடை ஜாப் ஷீட்டில் எழுதித் தர வேண்டும். டிஸ்கைத் தொடக் கூடாது. ரூட்டருக்குப் பதிலாக, எல்லா போர்ட்டும் உண்மையிலேயே கிகாபிட்டாக உள்ள ஒன்றைத் தர வேண்டும். அதே பெயரில் பதிப்பு 3ஐ மறுபடி அனுப்பினால் ஏற்க முடியாது. அப்படி ஒன்று கையிருப்பில் இல்லையென்றால் ரூட்டருக்கான முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். இணையதளத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி விவரத்தாள் போட்டு, டப்பாவின் வெளியிலும் பதிப்பு எண்ணை அச்சிட வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால் இதே சான்றுகளுடன் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடம் முறையிடுவேன். மூடியைச் சாய்க்கும்போது லிங்க் ஸ்பீடு மாறுவதைக் காட்டும் வீடியோ தனியே அனுப்பப்பட்டுள்ளது. லேப்டாப்பைத் திறக்கப்போகும் இன்ஜினியர் வேலையைத் தொடங்கும் முன் அதை ஒரு முறை பார்க்கும்படி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்