டெம்ப்ளேட்டைப் பார்த்து லேண்டிங் பேஜ் பில்டர் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிரல் எழுதாமலே விளம்பரப் பக்கம் கட்ட உதவும் கருவிகளான லேண்டிங் பேஜ் பில்டர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கின்றன: எத்தனை டெம்ப்ளேட் (ஆயத்த மாதிரிப் பக்கம்), மாதம் என்ன கட்டணம், ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம். அதை நம்பி ஓராண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டிவிட்டு, இரண்டாவது மாதமே "விளம்பரத்துக்குப் பணம் போகிறது, ஒரு விசாரிப்புகூட வரவில்லை" என்று கையைப் பிசைகிறவர்கள் ஏராளம். இந்தப் பக்கங்களைக் கட்டித் தருவதும் பழுது பார்ப்பதும் எங்கள் அன்றாட வேலை. பில்டர்கள் சறுக்குவது டெமோவில் காட்டாத இடங்களில்தான். அவற்றை எல்லாம் இலவசச் சோதனைக் காலத்துக்குள்ளேயே பார்த்துவிட முடியும் என்பதால் இதை எழுதுகிறோம்.

முதலில், பில்டரே தேவையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். லேண்டிங் பேஜ் என்பது விளம்பரத்தைத் தட்டியவர் வந்து இறங்கும் பக்கம். அங்கே அவர் செய்ய வேண்டியது ஒரே ஒரு காரியம். ஏற்கெனவே வேர்ட்பிரஸ்ஸில் தளம் இருந்தால், மேல் மெனுவையும் பக்கப்பட்டையையும் நீக்கிய ஒரு பக்கம் போதும். தனிச் சந்தா வீண். தளமே இல்லை, ஒரே ஒரு பக்கம்தான் வேண்டும் என்றால் கார்ட் போன்ற சிறிய கருவி போதும். ஆனால் அதில் படிவம் வைக்கக் கட்டணத் திட்டம் வேண்டும். அன்பவுன்ஸ், லீட்பேஜஸ், இன்ஸ்டாபேஜ் போன்றவை, விளம்பரத்துக்கு ஒரு பக்கம் என்று அடிக்கடி புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு உரியவை.

இனி, தமிழில் பக்கம் கட்டுகிறவர்கள் முதல் நாளே செய்ய வேண்டிய சோதனை. பிடித்த டெம்ப்ளேட்டை எடுத்து, அதிலுள்ள ஆங்கில வரிகளை அழித்துவிட்டு உங்கள் சொந்தத் தமிழ் வரிகளை இட்டுப் பாருங்கள். பாதி டெம்ப்ளேட்டுகள் அங்கேயே கழிந்துவிடும். ஆங்கிலத்தில் இரண்டு சிறு சொற்கள் அடங்கிய பட்டனில் "பதிவு செய்துகொள்ளுங்கள்" என்று போட்டதும் எழுத்து பெட்டியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு பெட்டியையும் பிக்சல் கணக்கில் விரும்பிய இடத்தில் வைக்கவிடும் பில்டர்களில் இது இன்னும் மோசம். அங்கே மேல் பெட்டி நீண்டால் கீழ்ப் பெட்டி நகராது. தலைப்பின் மூன்றாவது வரி கீழே உள்ள படத்தின் மேல் ஏறிவிடும். கணினித் திரையில் ஒழுங்காகத் தெரிவதால் கட்டியவர் கவனிக்க மாட்டார். பிரௌசரில் அகலத்தைப் போன் அளவான 360 பிக்சலுக்குக் குறைத்துப் பாருங்கள், உண்மை தெரியும். உள்ளடக்கம் நீண்டால் கீழே உள்ளவை தாமாகவே இறங்கிக்கொள்ளும் பில்டரே தமிழுக்குப் பொருந்தும். சுதந்திரம் குறைவு என்று தோன்றும்; அந்தக் குறைவு நல்லது.

எழுத்துருவிலும் இப்படியே. பில்டரின் எழுத்துருப் பட்டியலில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கலாம். அவற்றில் தமிழ் வடிவங்கள் உள்ளவை சில மட்டுமே: நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் போன்றவை. தமிழ் இல்லாத எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தாலும் திரையில் தமிழ் தெரியும். ஆனால் அது அந்தந்தப் போனில் இருக்கும் இயல்பான எழுத்துரு. ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு மாதிரி. தமிழ் உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தும், பில்டர் அதன் லத்தீன் (ஆங்கில எழுத்து) பகுதியை மட்டும் அனுப்புவது உண்டு. இன்னொரு பிழை, சாதாரணத் தடிமனை மட்டும் ஏற்றிவிட்டுத் தலைப்பைத் தடித்த எழுத்தாக்குவது. தடித்த வடிவம் கிடைக்காத பிரௌசர் தானே பூசிப் பெருக்கும். "ண", "ஞ" போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஆங்கில டெம்ப்ளேட்டுகளில் தலைப்பின் வரி உயரம் பெரும்பாலும் 1.1 அளவில் இருக்கும், எழுத்திடைவெளியும் இறுக்கப்பட்டிருக்கும். தமிழில் மேல் வரியின் "மூ" கீழே இறங்க, கீழ் வரியின் "கீ" மேலே எழ, இரண்டும் மோதும். வரி உயரத்தை 1.4-க்கும் 1.6-க்கும் இடையில் வையுங்கள், எழுத்திடைவெளியைப் பூஜ்யமாக்குங்கள். இந்த இரண்டையும் மாற்றவிடாத பில்டரை விட்டுவிடுங்கள்.

பக்கத்தின் முகவரியைத் தமிழில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வைக்கலாம், ஆனால் அதை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டும்போது பல செயலிகளில் ஒவ்வொரு யூனிகோட் (கணினி எழுத்துத் தரம்) குறியீடும் 9 எழுத்துகளாக விரியும். "தமிழ்" என்பது யூனிகோடில் 5 குறியீடுகள். ஒட்டினால் 45 எழுத்து நீளச் சரமாகிவிடும். விளம்பரப் பக்கத்துக்கு லத்தீன் எழுத்தில் குட்டியான முகவரியே நல்லது.

வேகத்துக்கு வருவோம். கூகுளின் அளவுகோல் வெளிப்படையானது: முதன்மைப் பகுதி திரையில் தெரிய 2.5 விநாடிக்குள், தட்டினால் பதில் தர 200 மில்லி விநாடிக்குள், தளவமைப்பு ஆட்டம் (பக்கம் ஏறும்போது உள்ளவை இடம் நகரும் அளவு) 0.1-க்குள். நான்கில் மூன்று வருகைகளிலாவது இந்த அளவுகள் தேற வேண்டும். பில்டர் நிறுவனத்தின் முகப்புப் பக்கத்தைச் சோதித்துப் பயனில்லை. அதன் காலி டெம்ப்ளேட் ஒன்றை எதையும் மாற்றாமல் வெளியிட்டு, கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் மொபைல் முடிவை மட்டும் பாருங்கள். காலிப் பக்கமே 2.5 விநாடியைத் தாண்டினால், உங்கள் படங்களும் கண்காணிப்பு நிரல்களும் சேர்ந்த பிறகு அது தேறாது. மேலே உள்ள பெரிய படம்தான் பெரும்பாலும் குற்றவாளி. அதை வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் 200 கேபிக்குள் கொண்டுவாருங்கள். எல்லாப் படங்களையும் "தேவைப்படும்போது ஏற்று" என்று பில்டரே அமைத்துவிடும். முதல் திரைக்குக் கீழே உள்ளவற்றுக்கு அது சரி, மேல் படத்துக்கு அதை அணைத்தே ஆக வேண்டும். அணைக்க வசதி இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துரு தாமதமாக வந்து தற்காலிக எழுத்துருவின் இடத்தைப் பிடிக்கும்போது வரிகள் குதிப்பதும் தமிழ்ப் பக்கங்களில் அதிகம், அகல வேறுபாடு பெரிது என்பதால்.

படிவம்தான் பக்கத்தின் உயிர். அதில்தான் நாங்கள் அதிகப் பழுதைப் பார்க்கிறோம்.

பெயர்ப் பெட்டியில் "கமல" என்று அடித்து அனுப்புங்கள், பிறகு "செல்வி" என்று அடித்து அனுப்புங்கள். முதலாவது போய், இரண்டாவது "சரியான பெயரைத் தரவும்" என்று திரும்பினால் காரணம் இதுதான்: யூனிகோடில் "க", "ம", "ல" போன்றவை எழுத்துகள் என்ற வகையில் வருகின்றன, கொம்பு, விசிறி, புள்ளி எல்லாம் குறிகள் என்ற தனி வகை. எழுத்து மட்டும் செல்லும் என்று எழுதப்பட்ட விதி புள்ளி வைத்த பெயர்கள் அனைத்தையும் தள்ளிவிடும். வந்தவர் இரண்டு முறை முயல்வார், மூன்றாவது முறை பக்கத்தை மூடுவார். அவர் வந்து போனதே உங்களுக்குத் தெரியாது.

அடுத்தது, அனுப்பிய விவரம் எங்கே போகிறது என்பது. மின்னஞ்சலாக மட்டும் அனுப்பிவிட்டுத் தன்னிடம் பிரதி வைக்காத பில்டர் வேண்டவே வேண்டாம். மின்னஞ்சல் வராமல் போக எளிய காரணம் ஒன்று உண்டு. சில பில்டர்கள், படிவத்தை நிரப்பியவரின் முகவரியையே அனுப்புநர் இடத்தில் போட்டு உங்களுக்கு அனுப்புகின்றன. தன் பெயரில் வேறு சர்வர் அனுப்பும் மடலை நிராகரிக்கச் சொல்லும் டிமார்க் விதியை யாஹூ 2014 ஏப்ரலிலேயே கொண்டுவந்துவிட்டது. ஆகவே யாஹூ முகவரி ஒன்றைக் கொடுத்துச் சோதியுங்கள். மடல் வரவில்லை என்றால், அனுப்புநர் இடத்தில் உங்கள் டொமைன் (சொந்தத் தளப்பெயர்) முகவரியையும் பதில் முகவரி இடத்தில் நிரப்பியவரின் முகவரியையும் வைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் வேறு பில்டர் தேடுங்கள்.

சேர்ந்த பெயர்களை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பாக இறக்கி எக்செலில் இரட்டைக் கிளிக் செய்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் புரியாத குறிகளாகத் தெரியலாம். தரவு கெட்டுவிட்டது என்று பதறி அழித்தவர்கள் இருக்கிறார்கள். கெடவில்லை, எக்செல் அதைத் தவறான குறிமுறையில் படித்திருக்கிறது. காலி ஏட்டைத் திறந்து, டேட்டா தாவலில் உரை அல்லது சிஎஸ்வியிலிருந்து பெறும் வழியில் போய், 65001 யூனிகோட் யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாக வரும். படிவப் பெட்டிகளின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனில் தட்டியவுடன் பக்கம் பெரிதாகி ஓரம் வெட்டுப்படும் என்பதையும் மறக்கக் கூடாது. தொலைபேசிப் பெட்டியைத் தொட்டால் எண் விசைப்பலகை வர வேண்டும், மின்னஞ்சல் பெட்டிக்கு அதற்குரியது.

டொமைன் இணைப்பில் நடக்கும் விபத்து ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரியது. "உங்கள் நேம்சர்வரை எங்களுடையதாக மாற்றிவிடுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பில்டர் சொல்லும். நேம்சர்வர் என்பது டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர். அதை மாற்றினால் பழைய இடத்தில் இருந்த, மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்று காட்டும் எம்எக்ஸ் ரெக்கார்டுகள் செயல்படாமல் போய், அலுவலகத்தின் மொத்த மின்னஞ்சலும் நின்றுபோகும். விளம்பரப் பக்கத்துக்கு ஒரு சப்டொமைன் (டொமைனின் முன் சேரும் கிளைப்பெயர்) போதும். அதை பில்டரின் முகவரிக்குத் திருப்பும் ஒரு சிநேம் ரெக்கார்டு மட்டும் சேர்த்தால் மின்னஞ்சலைத் தொடவே வேண்டியதில்லை. தலைமை டொமைனில் சிநேம் வைக்க டிஎன்எஸ் (டொமைன் பதிவு முறை) விதி இடம் தராது, அங்கே சர்வரின் எண் முகவரியைச் சொல்லும் ஏ ரெக்கார்டுதான். இணைத்த பிறகும் https பாதுகாப்பு இணைப்பு வரவில்லை என்றால் உங்கள் டொமைனில் சிஏஏ ரெக்கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பிட்ட நிறுவனம் மட்டும் சான்றிதழ் தரலாம் என்று அது கட்டுப்படுத்தியிருக்கும். இலவசத் திட்டத்தில் கிடைக்கும் பில்டரின் சொந்த சப்டொமைனில் விளம்பரம் ஓட்டாதீர்கள். கூகுள் விளம்பரத்தில் காட்டும் முகவரியும் போய்ச் சேரும் பக்கமும் ஒரே டொமைனாக இருக்க வேண்டும். காலப்போக்கில் சேரும் நற்பெயரும் பில்டருக்கே போகும்.

எந்த விளம்பரத்திலிருந்து யார் வந்தார்கள் என்று தெரிய, படிவத்தில் மறைபெட்டிகள் வைத்து விளம்பரத்தை அடையாளம் காட்ட முகவரியின் பின்னால் சேர்க்கும் ஒட்டுகளைப் பிடிக்க வசதி வேண்டும். நன்றி சொல்லும் பக்கம் தனி முகவரியில் இருக்க வேண்டும், தேடுபொறியில் வராதபடி. மாத வருகை வரம்பைத் தாண்டினால் பக்கம் நிற்குமா, தானாகவே மேல் திட்டத்துக்குக் கட்டணம் ஏறுமா, பாட் (தானியங்கி நிரல்) வருகையும் கணக்கில் சேருமா என்று வாங்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு வடிவங்களை மோதவிட்டுப் பார்க்கும் ஏ/பி சோதனைக்காக மேல் திட்டத்தை வாங்கச் சொல்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்: நூற்றுக்கு 5 பேர் பதிவு செய்யும் பக்கம் 6 ஆக உயர்ந்ததா என்று வழக்கமான நம்பகத்தன்மையோடு சொல்ல, ஒவ்வொரு வடிவத்துக்கும் சுமார் 8,000 வருகை வேண்டும். மாதம் சில நூறு பேர் வரும் பக்கத்தில் அந்தச் சோதனையின் முடிவு காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமம்.

கடைசியாக, வெளியேறும் வழி. கூகுள் தன் பிசினஸ் புரொஃபைலோடு (தேடலிலும் மேப்ஸிலும் தெரியும் நிறுவன விவரப் பக்கம்) இலவசமாகக் கொடுத்த இணையதளங்களை 2024 மார்ச்சில் மூடியது. பழைய முகவரிக்கு வந்தவர்களை அவ்வாண்டு ஜூன் 10 வரைதான் புரொஃபைலுக்குத் திருப்பிவிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனமே அப்படி என்றால் மற்றவற்றைச் சொல்ல வேண்டியதில்லை. விக்ஸ் என்ற பில்டரில் கட்டிய பக்கத்தை எடுத்து வேறு சர்வரில் ஓட்ட முடியாது. வெப்ஃப்ளோ என்ற பில்டர் கட்டணத் திட்டத்தில் நிரலைத் தரும், ஆனால் வெளியே கொண்டுபோனால் படிவம் வேலை செய்யாது. அன்பவுன்ஸ் தரும் கோப்பு அன்பவுன்ஸில் மட்டுமே திறக்கும். இவற்றை வாங்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. தெரிந்து வாங்க வேண்டும். டொமைனை உங்கள் பெயரிலேயே, பில்டருக்கு வெளியே பதிவு செய்யுங்கள். உரையும் அசல் படங்களும் உங்கள் கணினியில் இருக்கட்டும். சேர்ந்த விவரங்களை வாரம் ஒருமுறை இறக்கி வையுங்கள். இவை இருந்தால் வேறு பில்டரில் அந்தப் பக்கத்தை ஒரே நாளில் மறுபடி கட்டிவிடலாம்.

ஆசிரியர் அவர்கள் அடுத்த முறை இத்தகைய கருவிகளை ஒப்பிட்டு வெளியிடும்போது, நட்சத்திரங்களுக்குப் பதிலாக அட்டவணையில் நான்கு நெடுவரிசைகளைச் சேர்க்கும்படி வேண்டுகிறோம்: 360 பிக்சலில் தமிழ் எப்படித் தெரிந்தது, காலிப் பக்கம் மொபைலில் எத்தனை விநாடியில் வந்தது, "செல்வி" படிவத்தில் போனாரா, பக்கத்தை வெளியே எடுக்க முடிந்ததா. ஒரு பில்டருக்கு ஒரு பிற்பகல் ஒதுக்கினால் நான்கையும் சோதித்துவிடலாம்.

இப்படிக்கு,
இணையப் பக்க வடிவமைப்பாளர்கள் சிலர்