அந்த 21 சதவீதத்தில் எங்கள் ஊர் எங்கே?
ரிசர்வ் வங்கிக்கு ஒரு திறந்த மடல்

இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநருக்கும் குடும்பச் சேமிப்பைக் கணக்கிடும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் இந்தியக் குடும்பங்களின் நிதிச் சேமிப்பு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 21 சதவீதத்தை எட்டியது என்று 2021-இல் மதிப்பிட்டீர்கள். அடுத்த காலாண்டில் அது 10.4 ஆகவும், அதற்கடுத்த காலாண்டில் 8.2 ஆகவும் இறங்கியது. பிறகு 2023-இல், முந்தைய நிதியாண்டின் நிகரச் சேமிப்பு 5.1 சதவீதம்தான் என்று அறிவித்தீர்கள். மக்கள் வீட்டுக்கும் வாகனத்துக்கும் கடன் வாங்குகிறார்கள், கவலைப்பட ஒன்றுமில்லை என்று நிதி அமைச்சகம் விளக்கம் சொன்னது. அந்த விவாதம் முழுவதும் ஊரடங்கு ஆண்டின் உயரத்தை வைத்தே நடந்தது: அன்று சேர்த்து வைத்தார்கள், இன்று செலவழிக்கிறார்கள் என்று.

சேர்த்து வைத்தது யார் என்று கேட்கத்தான் இந்த மடல். தஞ்சாவூர் மாவட்டத்தில் பேராவூரணிப் பக்கம் ஒரு மளிகைக் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். ஆடி, ஆவணியில் மொய் விருந்துகளில் நோட்டும் பேனாவுமாக உட்காருவதும் உண்டு. பொருளாதாரம் படித்தவன் இல்லை. ஆனால் ஊரடங்கின்போது எங்கள் பக்கத்துக் குடும்பங்களின் வரவு செலவு என் கையெழுத்தில் இருக்கிறது. அதற்கும் உங்கள் 21-க்கும் எந்த இடத்திலும் ஒத்துப்போகவில்லை.

முதலில் உங்கள் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதைப் பார்ப்போம். நீங்கள் எந்த வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. வங்கி வைப்பு, காப்பீடு, பரஸ்பர நிதி, சிறுசேமிப்பு, வருங்கால வைப்பு நிதி, கையில் உள்ள ரொக்கம் ஆகியவற்றை நிறுவனங்களின் ஏடுகளிலிருந்து எடுத்துக் கூட்டி, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கொடுத்த கடனைக் கழிக்கிறீர்கள். குடும்பத் துறை என்ற அந்தத் தலைப்புக்குள் டீக்கடையும் விசைத்தறிக் கூடமும் அடக்கம். பிறகு அந்தத் தொகையை உள்நாட்டு உற்பத்தியால் வகுக்கிறீர்கள். அந்தக் காலாண்டில் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட 23.9 சதவீதம் சரிந்தது என்று முதல் மதிப்பீடு சொன்னது. நடப்பு விலையில் பார்த்தாலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. கீழே இருக்கும் எண் சுருங்கினால் மேலே ஒன்றும் கூடாமலே விகிதம் ஏறும். இது உங்களுக்குத் தெரியாததல்ல. பத்திரிகைத் தலைப்புகளுக்குத்தான் தெரியவில்லை.

வீடு வீடாகப் போய்க் கடனும் சொத்தும் கேட்கும் அகில இந்தியக் கணக்கெடுப்பு 2019-இல் நடந்து முடிந்தது. தொற்று வந்தது அடுத்த ஆண்டு. அந்த நேரத்தில் நீங்கள் எடுத்து வந்த நுகர்வோர் நம்பிக்கைக் கணிப்போ 13 பெருநகரங்களோடு நின்றது. தமிழ்நாட்டில் சென்னை மட்டும்.

இனி எங்கள் கடை. ஏப்ரல் முதல் வாரத்துக்குப் பிறகு காலை 6 மணி முதல் பகல் 1 மணி வரைதான் திறக்க அனுமதி. அந்த ஏழு மணி நேரத்துக்குள் இரண்டு விதமான சீட்டுகள் வரும். ஒன்று, ஆசிரியர், மின்வாரிய ஊழியர், ஓய்வூதியக்காரர் வீடுகளிலிருந்து வரும் மாதச் சாமான் சீட்டு. வழக்கத்தைவிட நீளமாக இருக்கும். 25 கிலோ அரிசி மூட்டை, துவரம் பருப்பு, அதோடு கடலை மாவு, மைதா, சேமியா, ஏலக்காய். பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், மாலையில் ஏதாவது செய்து கொடுக்க வேண்டும். மளிகைச் செலவு கூடியது, கேஸ் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்தது. ஆனால் பஸ், பெட்ரோல், ஓட்டல், ஜவுளி, ஊர்ப்பயணம், கல்யாணப் போக்குவரத்து எல்லாம் அடியோடு நின்றதால் சம்பளத்தில் பாதி வங்கியிலேயே தங்கியது. அகவிலைப்படி உயர்வை நிறுத்தி, ஈட்டிய விடுப்புச் சரண்டரை ஓராண்டுக்கு முடக்கிய பிறகும் தங்கியது. செலவழிக்க வழியில்லாமல் தேங்கிய பணம் அது. ஏறத்தாழ இவர்கள்தான் உங்கள் 21.

இன்னொரு சீட்டு சீட்டே இல்லை. வாயால் சொல்வார்கள். எண்ணெய் 100 மில்லி, பருப்பு 100 கிராம், ஐந்து ரூபாய் சாம்பார் பொடிப் பொட்டலம், கொஞ்சம் புளி. அரிசி கேட்கமாட்டார்கள், ரேஷனில் கிடைத்தது. தமிழ்நாடு அரசு அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தது. மத்திய அரசு பெண்களின் ஜன் தன் கணக்கில் மாதம் 500 வீதம் மூன்று மாதம் போட்டது. அந்த 500-ஐ எடுக்க வங்கி வாசலில் வெயிலில் நின்றுவிட்டு நேராகக் கடைக்கு வந்து பழைய பாக்கியில் கொடுத்துவிட்டுப் போன பெண்களை எனக்குத் தெரியும். சில்லறையாக வாங்குபவருக்கு எதுவும் விலை கூடுதல்தான். கிலோவாக வாங்கும் கணக்கோடு ஒப்பிட்டால் அதே பருப்புக்கு அவர் அதிகம் கொடுக்கிறார். ஆக, வருமானம் நின்ற வீடுதான் அதிக விலைக்கு வாங்கியது.

கடன் நோட்டில் அந்த ஏப்ரலில் புதிதாகப் பக்கம் திறந்தவர்கள் யார் என்று பார்த்தால் ஊரின் தொழில் வரிசையே தெரியும்: பந்தல் போடுபவர், விருந்துச் சமையல்காரர், நாதஸ்வரக்காரர், மினி பஸ் நடத்துநர், கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர், திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலிருந்து மூட்டையோடு திரும்பிய பையன்கள். அதுவரை ஒரு நாளும் கடன் சொல்லாதவர்கள். பையன்களில் சிலர் வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுத்தார்கள். இருப்பில் 75 சதவீதம் அல்லது மூன்று மாதச் சம்பளம், இவற்றில் எது குறைவோ அதை எடுக்கலாம் என்று மார்ச் இறுதியில் அரசு வழி திறந்திருந்தது. கிழவனான பின் உண்ண வேண்டியதை இருபத்தைந்து வயதில் உண்டார்கள்.

இடையில் ஒன்று. டாஸ்மாக் கடைகள் மார்ச் 24 மாலை மூடி மே 7 வரை திறக்கவில்லை. அந்த நாற்பது சொச்சம் நாளில், கூலி வேலை அறவே இல்லாத சில வீடுகளில்கூட எங்கள் பாக்கி அவ்வளவாக ஏறவில்லை. மே 7 அன்று சென்னை நீங்கலாக மற்ற இடங்களில் திறந்தார்கள். அன்று ஒரே நாள் விற்பனை ஏறத்தாழ 170 கோடி ரூபாய் என்று செய்தி வந்தது. அதில் எங்கள் கடைக்கு வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்று கடை முதலாளி கேட்டார். குடும்பச் செலவு குறைந்தது, சேமிப்பு கூடியது என்று எழுதும்போது எந்தச் செலவு குறைந்ததால் எந்தக் குடும்பம் மூச்சுவிட்டது என்பதை ஆராய உங்களிடம் ஒரு பத்தியாவது இருந்திருக்கலாம்.

இப்போது மொய்க்கு வருகிறேன். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது கல்யாண மொய் மாதிரி இல்லை. கல்யாணமோ காதுகுத்தோ இல்லாமலே, பணம் திரட்டுவதற்கென்று பந்தல் போட்டு, கிடா வெட்டி, கறி விருந்து வைப்பது. ஒருவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வைக்கலாம். இடைப்பட்ட ஆண்டுகளில் மற்றவர்கள் விருந்துக்குப் போய் மொய் செய்துகொண்டே இருப்பார். அவருடைய முறை வரும்போது செய்ததெல்லாம் திரும்பும், மேலே கொஞ்சம் புது மொய்யும் சேரும். அந்தப் புது மொய் அவருக்குக் கடன். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. நோட்டில் பெயரும் ஊரும் தொகையும் இருந்தால் போதும். இதை வைத்துத் தோப்பு வாங்கியிருக்கிறார்கள், ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கிறார்கள், மகனைச் சிங்கப்பூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். பணம் எண்ணும் இயந்திரத்தோடு வங்கிக்காரர்களே பந்தலுக்கு வந்து உட்காரும் அளவுக்குத் தொகை புரளும்.

2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்தபோதே இந்தச் சுழற்சி தடுமாறியது. 2020 ஆடியில் அறவே நின்றது. கூட்டம் கூடத் தடை. ஜூலை, ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமைகளில் தளர்வில்லாத ஊரடங்கு. 2015-இல் விருந்து வைத்து, ஐந்தாண்டு மொய் செய்து, அந்த ஆடிக்குத் தேதி குறித்திருந்தவர் நிலைமையை எண்ணிப் பாருங்கள். அவர் கணக்கில் லட்சக்கணக்கில் வரவேண்டிய பணம் இருக்கிறது. ஒரு ரூபாய்கூடக் கைக்கு வராது. யாரிடமும் போய்க் கேட்கவும் முடியாது. பந்தல் போடாமல் மொய் கேட்பது இங்கே வழக்கமில்லை. உங்கள் ஏட்டில் அவர் சேமிக்கவும் இல்லை, இழக்கவும் இல்லை. அவர் ஐந்தாண்டு கட்டியதும் உங்களுக்குத் தெரியாது, அது உறைந்துபோனதும் தெரியாது. அவர் மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனபோதும் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, அந்தக் கடை உங்கள் பட்டியலில் இல்லாததால்.

வங்கிக்குப் போன நகை உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் உங்களிடம் எனக்கு உண்மையான மனத்தாங்கல். 2020 ஆகஸ்ட் 6 அன்று, விவசாயம் அல்லாத தேவைகளுக்கான நகைக்கடனை நகை மதிப்பில் 75 சதவீதத்திலிருந்து 90 வரை வங்கிகள் தரலாம் என்று அறிவித்தீர்கள், 2021 மார்ச் 31 வரைக்கும். அறிவித்த வாரத்தில் சென்னையில் சவரன் 43,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. பலரும் வைத்தார்கள். ஆன்லைன் வகுப்புக்குக் கைப்பேசி வாங்க மகளின் தோட்டை வைத்த தாயும் அதில் உண்டு. 2021 மார்ச்சில் சவரன் 35,000-க்கும் கீழே இறங்கியது. உச்ச விலையை அப்படியே மதிப்பாக எடுத்து முழு 90-ஐயும் கணக்கிட்டால் சவரனுக்கு 38,700 ரூபாய் கடன். நகையின் விலையைவிடக் கடன் பெரிது, வட்டி தனி. கஷ்டத்தில் இருப்பவருக்குக் கை கொடுக்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் விலை உச்சத்தில் இருக்கும்போது வரம்பைத் தளர்த்தினால், இறங்கும்போது யார் தலையில் விடியும் என்பது எங்கள் ஊர் அடகுக் கடைக்காரருக்குக்கூடத் தெரியும். அவர் அந்த மாதங்களில் கிராமுக்குக் கொடுக்கும் தொகையை ஏற்றவே இல்லை.

கடன் தவணை ஒத்திவைப்பும் அப்படித்தான். 2020 மார்ச்சில் மூன்று மாதம், மே மாதத்தில் இன்னும் மூன்று, ஆகஸ்ட் 31 வரை. தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. வட்டிக்கு வட்டி கூடாது என்று உச்ச நீதிமன்றம் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்துச் சொல்ல 2021 மார்ச் 23 ஆயிற்று. எங்கள் பக்கம் மகளிர் குழுக் கடன் கொடுத்த ஒரு நிறுவனத்தின் வசூல்காரர், ஒத்திவைப்பு நடப்பில் இருந்தபோதே ஜூன் மாதம் தெருவில் வந்து நின்றார். உங்கள் சுற்றறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, ஒத்திவைத்தால் கடைசியில் எத்தனை ரூபாய் கூடும் என்று போட்டுக் கொடுத்திருந்தால் பாதிப் பெண்கள் வேறு முடிவு எடுத்திருப்பார்கள்.

சேமித்தவர்களையாவது நன்றாக நடத்தினீர்களா? வங்கிகளுக்கு நீங்கள் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டியை 2020 மே மாதத்துக்குள் 4 சதவீதத்துக்குக் கொண்டுவந்தீர்கள். நாட்டின் பெரிய வங்கி சேமிப்புக் கணக்குக்கு 2.70 சதவீதம்தான் தந்தது. பொதுச் சேமநல நிதிக்கான (பி.பி.எஃப்.) வட்டியை அரசு ஏப்ரல் 1 முதல் 7.9-இலிருந்து 7.1 ஆக்கியது. அந்த ஆண்டு அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 7.61 சதவீதம். வட்டியை நம்பி வாழும் ஓய்வுபெற்றவரின் பணம் வங்கியில் இருந்தபடியே தேய்ந்தது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிவிட்டு நிறைந்த அளவை எழுதிக்கொண்ட மாதிரி இருக்கிறது உங்கள் விகிதம்.

நான் கேட்பது இதுதான். குடும்பச் சேமிப்பை வெளியிடும்போது சராசரியை மட்டும் வெளியிடாதீர்கள். வைப்புத் தொகை எந்த அளவுக் கணக்குகளில் ஏறியது, எந்த அளவுக் கணக்குகளில் வடிந்தது என்று பிரித்துச் சொல்வது வங்கிகளை ஆளும் உங்களுக்குக் கடினமில்லை. அடகுக் கடை, ஏலச்சீட்டு, மகளிர் குழுவின் உள்கடன், மொய் போன்றவற்றை மாதிரிக்குச் சில ஊர்களிலாவது நேரில் விசாரித்துச் சேருங்கள். பத்தாண்டு, ஆறாண்டுக்கு ஒருமுறை வரும் கணக்கெடுப்புக்குக் காத்திருந்தால் நெருக்கடி வந்து போய்விடும். விசாரிக்க வருபவர்களுக்கு நோட்டைக் காட்ட எங்கள் ஊரில் ஆள் உண்டு, பெயர்களை மறைத்துவிட்டுக் காட்டுவோம்.

அதற்கு முன்னால், இப்போதே உங்கள் கையில் இருக்கும் ஒன்றை வெளியிடுங்கள். 2020 ஆகஸ்ட் 6-க்கும் 2021 மார்ச் 31-க்கும் இடையில் தளர்த்திய வரம்பில் கொடுக்கப்பட்ட நகைக்கடன்கள் மாவட்ட வாரியாக எத்தனை, அவற்றில் மீட்கப்பட்டவை எத்தனை, மறு அடகாகப் புதுப்பிக்கப்பட்டவை எத்தனை, ஏலத்துக்குப் போனவை எத்தனை.

இப்படிக்கு,
பேராவூரணி வட்டாரத்து மளிகைக் கணக்கர் ஒருவர்