பலகையும் மெத்தையும் தந்தவர்களுக்கு

பலகையிலிருந்து தண்ணீருக்குள் பாயும் போட்டியில் பேர்பெற்ற அமெரிக்க வீரர் கிரெக் லூகானிஸ் பற்றிய மாலைக் கூட்டம் சென்ற ஞாயிறு வெள்ளவத்தையில் நடந்தது. படம் போட்டுக் கைதட்டிக் கலைவதானால் ஒருவர் உதவியும் தேவைப்பட்டிராது. 1988 செப்டம்பர் 19இல், சோல் ஒலிம்பிக்கில், அவருடைய தலை பாய்பலகையில் ஏன் அடிபட்டது என்பதைக் கண்முன்னே காட்ட வேண்டியிருந்தது.

முதல் நன்றி பாமன்கடைத் தச்சர் ஐயாவுக்கு. 4.88 மீற்றர் நீளமும் 50 சென்ரிமீற்றர் அகலமுமான பாய்பலகையை நாலில் ஒன்றாக்கி, 122க்கு 12.5 சென்ரிமீற்றர் அளவில் செய்து தந்தார். ஒட்டுப்பலகை வளைந்தபடியே நின்றுவிட்டது. கமுகஞ் சலாகைகளைச் சேர்த்துக் கட்டியதும் துள்ளியது. அடியிலுள்ள உருளையை நுனிப்பக்கம் தள்ளினால் பலகை விறைக்கும், பின்னுக்கு எடுத்தால் இளகும். பாய்வதற்கு முன் வீரர் காலால் சில்லை உருட்டி அந்த உருளையை நகர்த்துவது இதற்காகத்தான்.

மெத்தைகளோடு வந்த ஜிம்னாஸ்டிக் பயிற்றுநர் சகோதரி இல்லாவிட்டால் பேச்சு பாதியில் நின்றிருக்கும். தண்ணீரைப் பார்த்து நின்று, முன்னே எழும்பி, பலகைப் பக்கமாகவே பின்புறம் சுழலும் வகை எல்லோரையும் குழப்புவது. எழும்பும்போது வெளியே தள்ளாமல் நேர் மேலே போனால், உடம்பு விரியும் இடத்தில் பலகை நுனி இருக்கும். இரண்டரைச் சுற்றில் லூகானிஸுக்கு நடந்தது இதுதான். பயந்து அளவுக்கு மீறி வெளியே தள்ளினாலோ உயரம் போய்விடும், சுற்று முடியாது. தலையில் தையலோடு மீதிப் பாய்ச்சல்களை முடித்தவர், மறுநாள் தங்கம் வென்றார்.

விரலைக் கூராக நீட்டினால் தண்ணீர் தெறிக்காது என்று நம்பி வந்த பிள்ளைகளின் எண்ணத்தையும் அந்தச் சகோதரியே மாற்றினார். ஒரு கை மற்றதைப் பற்றி, உள்ளங்கை தட்டையாகத் தண்ணீரில் பட வேண்டும். அது திறக்கும் குழிக்குள் உடம்பு முழுவதும் போகும். மணிக்கட்டு தளர்ந்து மடங்கினால் நோகும்.

10 மீற்றர் மேடையிலிருந்து விழுபவர் மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர் வேகத்தில் தண்ணீரைத் தொடுகிறார் என்று பௌதிக ஆசிரியர் கணக்குப் போட்டுக் காட்டினார். அதே ஒலிம்பிக்கின் மேடைப் போட்டியில் லூகானிஸின் கடைசிப் பாய்ச்சல் மூன்றரைச் சுற்று, அதன் கடின அளவு 3.4, கிடைத்த புள்ளி 86.70. 14 வயதான சீன வீரர் சியோங் நீயை அவர் வென்றது வெறும் 1.14 புள்ளியால்.

சோலில் பாய்ந்தபோதே தனக்கு எச்ஐவி தொற்று இருந்தது என்று லூகானிஸ் 1995இல் வெளியிட்ட செய்தி பற்றிக் கேள்வி வந்தது. குளோரினும் அவ்வளவு தண்ணீரும் சேர்ந்த தடாகத்தில் தொற்றுக்கு இடமில்லை, கையுறையில்லாமல் தைத்த வைத்தியருக்கும் தொற்றவில்லை என்று வைத்தியர் அம்மா ஒளிக்காமல் சொன்னார். அந்த ஐந்து நிமிடத்துக்குத் தனி நன்றி.

'சுழியோடி' என்றால் சங்கு எடுக்கிறவர், இவர் பாய்கிறவர் என்று துண்டுப்பிரசுரத்தைத் திருத்திய தமிழாசிரியருக்கும் கடன்பட்டிருக்கிறோம். அச்சடித்த பிறகு திருத்தியதால் முந்நூறு பிரதி வீண். பரவாயில்லை.

மாதிரிப் பலகை மண்டபத்துக் களஞ்சிய அறையில் இருக்கிறது. பாடசாலைகள் கேட்டு எடுத்துப் போகலாம். ஈரத்தில் வைத்தால் சலாகைக் கட்டு தளரும்.

ஏற்பாட்டாளர்கள்,
கொழும்பு 6