தம்பிக்கு, ஹெல்மெட் வாங்கறதுக்கு முன்னாடி

தம்பி,

வெல்டிங் ஹெல்மெட் எது வாங்கலாம்னு நீ கேட்டதுக்கு போன்ல ரெண்டு வார்த்தைல பதில் சொல்லிட்டேன், ஆனா போன வச்சதுக்கப்புறம் மனசு கேக்கல, அதான் ஷிப்ட் முடிஞ்சு வந்து உக்காந்து எழுதுறேன். அம்மாவுக்கு படிச்சு காட்டு, ஆனா நடுவுல என் கண்ணு பத்தி வர்ற இடத்த மட்டும் விட்டுட்டு படி.

இங்க வந்து எட்டு மாசம் ஆச்சுடா. கப்பல் கட்டுற வேலைன்னா கடலப் பாத்துகிட்டே செய்வோம்னு நெனச்சேன், இங்க கடல் கண்ணுல படறதே வேலைக்குப் போறப்பவும் வர்றப்பவும்தான். மிச்ச நேரமெல்லாம் கப்பலோட அடி டேங்க்குள்ள. ஒரு ஆள் ஒடுங்கி நுழையற ஓட்டை வழியா எறங்கணும், உள்ள முட்டி போட்டுதான் வேலை, ஒரே ஒரு லைட்டு தொங்கும் அதுவும் பெரும்பாலும் முதுகுக்குப் பின்னாடிதான் இருக்கும். ரூம்ல ஆறு பேரு, எல்லாம் நல்ல பசங்க, அதுல ஒரு அண்ணன் இருபது வருசமா வெல்டிங் ராடு பிடிக்கிறவரு, நான் இப்ப சொல்லப்போறது பாதி அவரு சொல்லிக்குடுத்தது.

முதல்ல எனக்கு குடுத்த ஹெல்மெட்டும் ஆட்டோ டார்க்தான், அதாவது கண்ணாடி தானா கறுக்கறது, ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆர்க் அடிச்சதும், அதான் ராடு முனைல அந்தப் பளீர் வெளிச்சம் வந்ததும், டக்குனு கறுத்துரும். பிரச்சன என்னன்னா ஆர்க் அடிக்கறதுக்கு முன்னாடி எனக்கு எதுவுமே தெரியல. ஜாயின்ட் எங்க, சாக்பீஸ் கோடு எங்க, ராடு முனை எங்க நிக்குது, எல்லாம் ஒரே பச்ச இருட்டு. அதனால ஹெல்மெட்ட தூக்கி இடத்த பாத்துட்டு தலைய ஆட்டி மூடி டாக், அதான் பிளேட்டு நகராம இருக்க சின்னப் பொட்டு வெல்டு, போடுவேன். ஒரு நாள் மூடறதுக்குள்ள ராடு தட்டிருச்சு, அப்பறம் ரெண்டு மூணு தடவ அப்படியே ஆச்சு, அப்ப ஒண்ணும் தெரியல. ராத்திரி தூக்கத்துல இருந்து எந்திரிக்கறேன், கண்ணுக்குள்ள மணல அள்ளிப் போட்ட மாதிரி, தண்ணியா கொட்டுது, தொறக்கவே முடியல. டாக்டர் சொட்டு மருந்து குடுத்தாரு, ரெண்டு நாள்ல சரியாப்போச்சு. அம்மா வீடியோ கால் பண்ணப்ப நெட் சரியில்லன்னு சொல்லி வெறும் குரல்ல பேசுனேன் பாரு, அது அன்னிக்குதான்.

அதுக்கப்பறம்தான் அந்த அண்ணன் அவரு ஹெல்மெட்ட குடுத்து போட்டுப் பாருன்னாரு. அதே டேங்க், அதே லைட்டு, மூடுன கண்ணாடி வழியாவே ரெண்டு பிளேட்டுக்கு நடுவுல இருக்குற கேப் தெரிஞ்சுது தம்பி, சாக்பீஸ் கோடு வெள்ளையாவே தெரிஞ்சுது. என்ன வித்தியாசம்னா என்னோடது ஆர்க் இல்லாதப்ப ஷேடு, அதான் கண்ணாடி எவ்வளவு கறுப்புங்கற நம்பர், 4, அவரோடது 3. ஒரு நம்பர்தானேன்னு நெனைக்காத. ஷேடு 4 வெளிச்சத்துல நூத்துக்கு அஞ்சு பங்குதான் உள்ள விடும், 3 பதினாலு பங்கு விடும், 2.5 இருக்கறதும் வருது அது இருபத்திரெண்டுக்கு மேல. எல்லாரும் 9ல இருந்து 13 வரைக்கும் போகுதான்னு கறுக்கற நம்பரையே பாக்கறாங்க, அது எல்லா ஹெல்மெட்லயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். இருட்டுல வேலை செய்யறவன் கறுக்காதப்ப என்ன நம்பர்னு பாக்கணும். EN 379ங்கற ஐரோப்பா முறைல அச்சடிச்ச கண்ணாடின்னா ஓரத்துலயே 3/9-13 இல்ல 4/9-13னு இருக்கும், முதல் நம்பர்தான் நான் சொல்றது. கடைசில 379க்கு முன்னாடி 1/1/1/2 மாதிரி நாலு நம்பர் வரும், அது கண்ணாடியோட தெளிவு, 1தான் நல்லது. நாலாவது நம்பர் சாய்ச்சுப் பாத்தா ஷேடு எவ்வளவு மாறுதுன்னு சொல்றது, டேங்க்குள்ள கழுத்த கோணிகிட்டுதானே பாப்போம் அதனால அதையும் விட்றாத. பச்சையா காட்டாம நிறத்த உள்ளபடி காட்டற கண்ணாடியும் இருக்கு, கெடச்சா அத எடு, கசடு எது இரும்பு எதுன்னு பிரிஞ்சு தெரியும்.

ஆர்க் வெளிச்சத்த பிடிச்சு கண்ணாடிய கறுக்க வைக்கற சென்சார் நாலு இருக்கறதா பாரு. ரெண்டுதான் இருந்தா குறுக்க ஒரு பைப்போ பிளேட்ட தாங்கற ஸ்டிபனர் பட்டையோ வந்து மறைச்சுதுன்னா கறுக்காம நேரா கண்ணுல அடிக்கும். நீ சின்ன ஆம்பியர்ல டிக் (TIG) வெல்டிங் பண்ணப் போறேன்னா எத்தன ஆம்பியர்ல இருந்து பிடிக்கும்னு கேட்டு வாங்கு, எல்லா ஹெல்மெட்டும் 5 ஆம்பியர பிடிச்சிராது. சென்சிட்டிவிட்டி திருகற குமிழ் கட்டாயம் இருக்கணும், இருட்டுல தனியா வேலைன்னா நல்லா ஏத்தி வச்சுக்க, பக்கத்துல இன்னொருத்தன் ஆர்க் போட்டு உன்னோடது சும்மா சும்மா கறுத்தா மட்டும் கொஞ்சம் எறக்கு.

பேட்டரி மாத்தற மாதிரி இருக்கணும். வெறும் சோலார்ல ஓடறது சில சமயம் ரொம்ப நாள் இருட்டுல கெடந்தா முதல் ஆர்க்குக்கு முழிக்கவே யோசிக்கும். கறுக்கலன்னாலும் புற ஊதா கதிரும் வெப்பக் கதிரும் அந்த கண்ணாடி எப்பவும் தடுக்கும், அத மட்டும் மனசுல வச்சுக்க, ஆனா கண்ணு கூசும், ஒரு டாக் கூட ஒழுங்கா விழாது.

லைட்ட பத்தியும் சொல்லிர்றேன், முதுகுக்குப் பின்னாடி இருந்தா அது ஹெல்மெட்டுக்குள்ள பூந்து கண்ணாடில பட்டு நம்ம மூஞ்சியே நமக்கு தெரியும், ஜாயின்ட் தெரியாது. நான் இப்ப லைட்ட பக்கவாட்டுல இழுத்து கட்டிக்கறேன், ஹெல்மெட் பின்பக்கம் ஒரு துணியும் தொங்க விட்டுக்கறேன். வெளிக் கண்ணாடில பொறி பட்டு புள்ளி புள்ளியா ஆயிட்டா உடனே மாத்து, தள்ளிப் போடாத, அது மங்குனா நீ 3 வாங்கியும் 4 போட்ட மாதிரிதான்.

அடுத்த வாரம் வாங்கப் போறேன்னு சொன்னல்ல, காசு குடுக்கறதுக்கு முன்னாடி அந்த கண்ணாடி ஓரத்துல இருக்குற நம்பர போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, ராத்திரி எத்தன மணி ஆனாலும் பாத்துட்டு சொல்றேன்.

அண்ணன்