விற்பதற்கு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழின் மகளிர் பக்கத்தில் தையலையும் வீட்டுத்தோட்டத்தையும் பற்றி அண்மையில் வெளியான கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை மகிழ்ச்சியும், இரண்டாம் முறை சிறிது மனத்தாங்கலும் ஏற்பட்டன. தொடக்கம் முதல் முடிவு வரை அக்கட்டுரை "மாதம் எவ்வளவு உழைக்கலாம்" என்ற ஒரே கேள்வியையே சுற்றி வந்தது. 31 ஆண்டுகள் கணக்குப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். வரவு செலவு எழுதத் தேவையில்லாத ஏதாவது ஒன்றைச் செய்யவேண்டும் என்ற ஆசையில்தான் இவ்விரண்டையும் கையிலெடுத்தேன்.

சனிக்கிழமைக் காலைகளில், தெஹிவளையில் ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை ஒருவரின் முன்விறாந்தையில், நாங்கள் ஆறு பேர், துணிச் சித்திரமாகச் சுவரில் மாட்டும் கலைக் குயில்ட் செய்யப் பழகுகிறோம். "இந்தக் கொழும்பு வெக்கையில் உனக்குப் போர்வை எதற்கு?" என்று என் அக்கா கேட்டார். கேள்வி நியாயமானதுதான். மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என மூன்று படைகளைச் சேர்த்துத் தைக்கும் குயில்ட், குளிர் நாடுகளில் போர்வையாகப் பயன்படுவது. 1971ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய அமெரிக்கக் குயில்ட்டுகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்சிக்கு வைத்தது. கட்டிலுக்கென்று அல்லாமல் சுவருக்கென்றே தைப்பவர்கள் அதன் பின்னர் பெருகினார்கள். எங்கள் வகுப்பில் பஞ்சுக்குப் பதிலாகப் பழைய பருத்தி விரிப்பொன்றை நடுவில் வைக்கிறோம், சுவருக்குக் குளிராது. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடும் கந்தாவைப் பற்றி ஆசிரியை சொன்னபோது, கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று எனக்குச் சொல்லித் தந்த அம்மாவின் நினைவு வந்தது.

தையல் விளிம்பாகக் கால் அங்குலம் விடவேண்டும் என்பது முதல் பாடம். அதில் அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கூடினாலும், 12 துண்டுகளைச் சேர்த்து முடிக்கும்போது வரிசை ஓர் அங்குலத்துக்கு மேல் குறைந்துவிடும். ஒரு சதம் பிசகியதைத் தேடி இரவு எட்டு மணி வரை அலுவலகத்தில் இருந்தவளுக்கு இது பழகிய வேதனை. இரண்டாவது பாடம் எனக்கு முற்றிலும் புதிது: துணிகளைச் சுவரில் குத்திவிட்டு, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு பார்க்கவேண்டும். அப்போது நிறங்கள் மங்கி, எது வெளிச்சம் எது இருள் என்பது மட்டும் மிஞ்சும். கடுஞ்சிவப்பும் கரும்பச்சையும் ஒன்றாகிவிடுவதை அன்றுதான் கண்டேன்.

என் தோட்டம் இருப்பது வெள்ளவத்தையில், எங்கள் தொடர்மாடியின் மொட்டை மாடியில். பழைய அரிசிப் பைகளில் கத்தரி, மிளகாய், பயற்றை, வல்லாரை. முதலில் கடல் பக்கமாக வைத்தேன். உப்புக் காற்றில் இலைகளின் ஓரம் கருகியதும், தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் மாற்றினேன். தக்காளி ஒரு மழைக்காலத்தில், இலை பச்சையாக இருக்கும்போதே இரண்டு நாட்களில் துவண்டு விழுந்தது. தண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நிறுத்தியபோது பால் போன்ற இழையொன்று மெல்ல இறங்கியது. அது பக்டீரியா வாடல். அந்த மண்ணில் தக்காளியையோ அதன் இனத்தைச் சேர்ந்த கத்தரி, மிளகாயையோ மீண்டும் வைக்கக்கூடாது. எஞ்சிய ஒரு செடியில் 14 காய்கள் கிடைத்தன. பை, மண், உரம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒவ்வொன்றும் சந்தை விலையைப் போலப் பல மடங்கு. (பழக்கதோஷத்தில் கூட்டித்தான் பார்த்தேன்.)

இரண்டு பொழுதுபோக்குகளும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கியது கத்தரிப்பூவினால். எங்கள் வீட்டுச் சாளரத்திலிருந்து தெரியும் புகையிரதப் பாதையையும் கடலையும் துணியில் கொண்டுவர முயன்றுகொண்டிருந்தேன். அந்தி வானத்துக்குக் கத்தரிப்பூ நிறம் வேண்டும் என்று புறக்கோட்டையில் கடை கடையாகக் கேட்டேன். கேட்ட இடத்திலெல்லாம் அடர்ந்த ஊதாவையே எடுத்துப் போட்டார்கள். மறுவாரம் என் செடியிலிருந்து ஒரு பூவைச் சிறிய டப்பாவில் வைத்து எடுத்துச் சென்றேன். கடைக்காரத் தம்பி அதைத் துணியின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "அன்ரி, இவ்வளவு காலமும் நாங்கள் பெயரைத்தான் விற்றிருக்கிறோம்" என்றார். உண்மையான பூ அதைவிட எவ்வளவோ வெளிறியது. நடுவிலுள்ள மஞ்சளே அதைத் தூக்கிக் காட்டுகிறது. கடைசியில் அம்மாவின் பழைய பருத்திச் சேலையின் உட்புறத்தில் அந்த நிறம் கிடைத்தது. அதன் ஓரத்தில் மஞ்சள் நூலால் ஒரேயொரு வரி தைத்தேன்.

வருமானம் தேவைப்படுவோரை நான் குறைத்துப் பேசவில்லை. 2022 ஜூனில் அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து, வீட்டில் பயிரிடுங்கள் என்று சொன்ன நாடு இது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அந்நாட்களில் ஒரு பிடி பொன்னாங்காணி பொழுதுபோக்கு அன்று; நானும் அப்போதுதான் முதல் பையில் மண் நிரப்பினேன். ஆனால் நெருக்கடி தணிந்த பின்னரும் அதே கேள்வியே தொடர்கிறது. என் குயில்ட்டைப் பார்க்க வருபவர்கள் விலை கேட்கிறார்கள். விற்பதற்கு இல்லை என்று நான் சொன்னால், "முகநூலில் போடுங்கள், ஓர்டர் வரும்" என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மாலையில் கிரிக்கெட் விளையாடுகிறார். அதில் எவ்வளவு உழைக்கிறீர்கள் என்று அவரை யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

எனவே, தங்கள் மகளிர் பக்கத்தில் சுயதொழில் பகுதிக்கு அருகே, சும்மா செய்து பார்ப்பதற்கென்று ஒரு சிறு பத்தி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தொட்டித் தட்டுகளில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவாவிட்டால் டெங்கு நுளம்பு பெருகும் என்பதையும், சிவப்புப் பருத்தியைத் தைப்பதற்கு முன் நனைத்துப் பார்க்காவிட்டால் சாயம் இறங்கும் என்பதையும் அப்பத்தியில் எழுதலாம். அதன் அடியில் விலைவிபரத்துக்கான தொலைபேசி இலக்கம் மட்டும் வேண்டாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.