ஒரு சதத்தின் கதையை முழுசாகச் சொல்லுங்கள்

ரொறொன்ரோவின் வார இறுதித் தமிழ் வகுப்பு ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கறுப்பின வரலாற்று மாதப் பேச்சுக்காக என் மகள் பாடமாக்கிய தாளை வாசித்தேன். வயலா டெஸ்மண்ட்: கனடாவின் ரோசா பார்க்ஸ், திரையரங்கில் எழும்ப மறுத்தவர், பத்து டொலர் தாளில் இருப்பவர். அவ்வளவுதான். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்ணான ரோசா பார்க்ஸ், வெள்ளையருக்காகப் பேருந்தில் எழும்ப மறுத்ததற்கு ஒன்பது வருடம் முந்திய சம்பவம் இது. வயலாவுக்கு இரவல் பெயர் எதற்கு?

அவர் ஹலிஃபக்ஸில் அழகுக்கலை நிலையம் நடத்தியவர். அந்த நகரம் இருக்கும் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் அழகுக்கலைப் பள்ளிகள் கறுப்பினப் பெண்களைச் சேர்க்காததால் மொன்றியலுக்கும் நியூயோர்க்குக்கும் போய்ப் படித்து வந்து, தன்னைப்போல் கதவடைக்கப்பட்ட பெண்களுக்காகப் பள்ளியே தொடங்கினார். மகளின் பேச்சுத் தாளில் இது இல்லை.

1946 நவம்பர் 8. அதே மாகாணத்தின் நியூ கிளாஸ்கோ என்ற ஊரில் கார் பழுதாகி நின்றுவிட, ரோஸ்லண்ட் திரையரங்குக்குப் போனார். கிட்டப்பார்வை என்பதால் கீழ்த்தளத்துக்கு டிக்கெட் கேட்டார், கறுப்பரை இருத்தும் மேல்மாடத்துக்குத்தான் கொடுத்தார்கள். மிச்சக் காசைத் தருகிறேன் என்றும் மாற்றித் தரவில்லை. கீழேயே போய் உட்கார்ந்தார். மனேஜரும் பொலிஸ்காரரும் இழுத்து வெளியேற்றியதில் இடுப்பில் காயம். அன்றிரவு சிறையில், வெள்ளைக் கையுறையோடு, விடிய விடிய நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

காலையில் வழக்கு. குற்றச்சாட்டில் நிறம் பற்றி ஒரு சொல் இல்லை. கீழ்த்தள டிக்கெட்டுக்கு வரி மூன்று சதம், மேல்மாடத்துக்கு இரண்டு. அந்த ஒரு சதத்தை அரசிடம் ஏய்த்தாராம்! வழக்கறிஞர் இல்லாமல் நின்றவருக்கு 20 டொலர் தண்டம், 6 டொலர் வழக்குச் செலவு.

பிள்ளைகளை இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். கறுப்பர் மேலேதான் இருக்கவேண்டும் என்று அந்த மாகாணத்தில் சட்டம் இருக்கவில்லை. வழக்கம் இருந்தது, அதைக் காப்பாற்ற வரிச்சட்டம் கைகொடுத்தது. யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடைகளில் சில சனத்துக்குத் தனிக் குவளை வைத்ததும் வழக்கம்தானே? 1957இல் அதற்கெதிராகச் சட்டம் வந்த பிறகும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் அதே சனத்தை மறித்தார்கள். எனக்கு இதை எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. என் மகளுக்குச் சொல்லுங்கள்.

வயலா தோற்றதையும் மறைக்க வேண்டாம். 1947இல் நோவா ஸ்கோஷியா உச்ச நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. 1965இல், 50 வயதில், நியூயோர்க்கில் இறந்தார். மாகாணம் அவரைக் குற்றமற்றவர் என்று ஏற்றுப் பொதுமன்னிப்பு வழங்கியது 2010இல். அதில் கையெழுத்திட்ட துணை ஆளுநர் மயான் ஃபிரான்சிஸும் கறுப்பினப் பெண். 2018இல்தான் அவருடைய முகம் உள்ள பத்து டொலர் தாள் புழக்கத்துக்கு வந்தது.

அடுத்த வகுப்புக்கு ஒரு பத்து டொலர் தாள் கொண்டு போங்கள். வயலாவின் முகத்துக்குப் பின்னால் ஹலிஃபக்ஸின் பழைய வரைபடம் மங்கலாகத் தெரியும். அவருடைய நிலையம் இருந்த கொட்டிங்கன் தெரு அதில் இருக்கிறது. பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு தாய்