ஒரே மூட்டைக்கு இரண்டு பெயர்: பார்லிவைன், வீ ஹெவி கிட்டுகள் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: 20 லிட்டர் இங்கிலீஷ் பார்லிவைன், வீ ஹெவி கிட்டுகளின் குறைபாடும், உடன் வந்த ஒப்பீட்டுத் தாளின் தவறுகளும்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். வீட்டில் பீர் காய்ச்சும் எங்கள் குழுவுக்கு உங்களிடம் வாங்கிய, பார்லிவைன் (வலுவான இங்கிலீஷ் ஏல் வகை பீர்), வீ ஹெவி (வலுவான ஸ்காட்டிஷ் ஏல்) காய்ச்சுவதற்கான இந்த இரண்டு கிட்டுகளையும் பிரித்து எடைபோட்டோம், காய்ச்சியும் பார்த்தோம். ‘உங்களுக்கு ஏற்றது எது?’ என்ற தாளை வைத்துத்தான் வாடிக்கையாளர் இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்கிறார். தாளில் இரண்டு பீர் இருக்கின்றன. பெட்டியில் இருப்பது ஏறக்குறைய ஒன்றே.

இரண்டிலும் மாரிஸ் ஓட்டர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) 8 கிலோ. பார்லிவைனில் கூடவே கிரிஸ்டல் மால்ட் 400 கிராம். வீ ஹெவியில் அதற்குப் பதில் பீட் (சதுப்புநிலக் கரி) புகையூட்டிய மால்ட் 400 கிராம். இரண்டிலும் கசப்பு தரும் ஆல்ஃபா அமிலம் 5% உள்ள ‘ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ்’ ரக ஹாப்ஸ் பூக்கள் 60 கிராம், அமெரிக்க ஏல் ஈஸ்ட் 11.5 கிராம் பாக்கெட் ஒன்று. எடையும் ஒன்று, அளவும் ஒன்று என்றிருக்க, தொடக்க அடர்த்தி (நொதிக்கும் முன், நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) மட்டும் பார்லிவைனுக்கு 1.095, வீ ஹெவிக்கு 1.085 என்று அச்சிட்டிருக்கிறீர்கள். முதலாவதற்கு 75% மாஷ் திறன் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையை எடுக்கும் அளவு), இரண்டாவதற்கு 67% என்று வைத்துக்கொண்டால்தான் இந்த எண்கள் வரும். மால்ட் கூடக் கூட, அதைக் கழுவியெடுக்கக் கிடைக்கும் நீர் குறைந்து திறனும் இறங்கும். இவ்வளவு கனமான மாஷில் வீட்டுப் பாத்திரத்தில் 65% கிடைத்தாலே நல்லது. இரண்டிலும் எங்களுக்குக் கிடைத்தது 1.082. அதை 1.095க்கு ஏற்ற, உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (மால்ட் சாற்றுத் தூள்) சுமார் 700 கிராம் வேண்டும். அது பெட்டியிலும் இல்லை, தாளிலும் இல்லை.

அதைவிடப் பெரிய தவறு ஹாப்ஸில். இந்த 60 கிராமை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் இவ்வளவு அடர்ந்த வோர்ட்டில் (நொதிக்காத மால்ட் கரைசலில்) சுமார் 25 கசப்பு அலகுகள்தான் இறங்கும். வீ ஹெவிக்கு அது கச்சிதம். போட்டி நடுவர்கள் கையாளும் பிஜேசிபி (பீர் நடுவர் சான்றிதழ் திட்டம்) வரையறை அதற்கு 17 முதல் 35 வரை தருகிறது. இங்கிலீஷ் பார்லிவைனுக்கு அதே வரையறை 35 முதல் 70. ஓராண்டுக்கு மேல் பாட்டிலில் கிடக்கப்போகும் பீரில் கசப்பு தேய்ந்துகொண்டே வரும் என்பதால் தொடக்கத்திலேயே 50 அலகாவது வேண்டும். அதற்கு இதே ஹாப்ஸ் 130 கிராம் போட வேண்டும். நீங்கள் பார்லிவைன் என்று விற்பது, கசப்பில் வீ ஹெவிதான்.

சரி, வீ ஹெவியாவது வீ ஹெவியாக இருக்கிறதா என்றால், அதைப் புகை கெடுத்துவிட்டது. ‘புகைமணம் பிடித்தவர்கள் வீ ஹெவியைத் தேர்ந்தெடுங்கள்’ என்கிறது உங்கள் தாள். ஸ்காட்லாந்து என்றதும் விஸ்கி நினைவுக்கு வந்துவிட்டது போலும்! பிரெஸ்டன்பான்ஸின் ஃபௌலர்ஸ் வீ ஹெவி, 1965இல் டிராக்குவேர் மாளிகையின் பழைய மதுக்கூடத்தில் மீண்டும் காய்ச்சத் தொடங்கிய ஏல் ஆகியவற்றின் மரபில் பீட் புகைக்கு இடமில்லை. வெளிர் மால்ட்டோடு 1 அல்லது 2% வறுத்த பார்லி, அதாவது இந்த அளவுக்கு 80 முதல் 160 கிராம், நிறத்துக்கும் கடைசி வாய் வறட்சிக்கும் போதும். உங்கள் 400 கிராம் பீட் மால்ட் கிட்டத்தட்ட 5%. மருந்து வாடை அடிக்கிறது. மாதக்கணக்கில் வைத்தாலும் அது போவதாகத் தெரியவில்லை.

அடுத்தது பாதுகாப்பு. இதை அவசரமாகக் கவனியுங்கள். 1.095 அடர்த்தியுள்ள 20 லிட்டருக்குச் சுமார் 34,000 கோடி ஈஸ்ட் செல்கள் தேவை. ஒரு பாக்கெட் அதற்குப் போதாது, குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்றோடு விட்டதால் எங்கள் பார்லிவைனின் நொதித்தல் 1.040 அடர்த்தியில் நின்றுவிட்டது. உங்கள் தாளோ, ‘14 நாளில் 120 கிராம் சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் அடையுங்கள்’ என்கிறது. அடைத்தபின் ஈஸ்ட் விழித்துக்கொண்டு அடர்த்தி ஆறு புள்ளி (0.006) இறங்கினாலே, பீரின் அளவைப்போல் மூன்று மடங்கு கார்பன் டை ஆக்சைடு கூடுதலாகச் சேரும். சர்க்கரையால் வருவது வேறு. சாதாரண 500 மி.லி. கண்ணாடிப் பாட்டில் அதைத் தாங்காது, வெடிக்கும். நாள் கணக்கை எடுத்துவிட்டு, ‘மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு ஹைட்ரோமீட்டர் அளவுகள் மாறாமல், 1.026ஐ ஒட்டி இருந்தால் மட்டும் அடையுங்கள்’ என்று அச்சிடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கும் தாளில் நேர்மையான பதில் வேண்டும். 13 முதல் 16 டிகிரி செல்சியஸில் நொதிக்கவிடக் குளிர்ந்த ஷெட்டோ கராஜோ உள்ளவர், மூன்று நான்கு மாதத்தில் குடிக்க நினைப்பவர் வீ ஹெவியை எடுக்கட்டும். அதற்கு ஸ்காட்டிஷ் ஏல் ஈஸ்ட் வையுங்கள். முதலில் வடியும் வோர்ட்டில் 4 லிட்டரைத் தனியே 1 லிட்டராகச் சுண்டக் காய்ச்சினால் கருகிய சர்க்கரைச் சுவை கூடும் (அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பழைய ஸ்காட்டிஷ் வழக்கம் இதுவா என்பது விவாதத்துக்குரியது, சுவை என்னவோ நன்றாகவே இருக்கிறது). வீட்டுக்குள் 18 முதல் 20 டிகிரிதான் கிடைக்கும், ஓராண்டு காத்திருக்கவும் பொறுமை உண்டு என்பவருக்குப் பார்லிவைன். அதற்கு இங்கிலீஷ் ஏல் ஈஸ்ட்.

பிரிக்காத பார்லிவைன் கிட்டுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஹாப்ஸ் 70 கிராம், ஈஸ்ட் ஒரு பாக்கெட், எக்ஸ்ட்ராக்ட் 700 கிராம் அனுப்புங்கள். வீ ஹெவி கிட்டுகளை முழுத் தொகைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். விற்ற பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும் என்கிறது பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு. ஏற்கெனவே வாங்கியவர்களுக்குப் பாட்டில் எச்சரிக்கையை இந்த வாரமே அனுப்புங்கள். எங்கள் பணம் அதற்குப் பிறகு வந்தாலும் பரவாயில்லை. எடைபோட்ட படங்கள், ஹைட்ரோமீட்டர் குறிப்புகள், ரசீது நகல்கள் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
வீட்டு பீர் காய்ச்சுவோர் குழுவினர்